எடை குறையவில்லை

எங்கள் ஊரில் கல்யாணம் ஆன உடனே யாரும் சேர்மம் ஆகிவிடுவதில்லை. முதலில் கலவைதான். தாலி கட்டிய பிறகும் பெண் பெண்ணாகவே இருப்பாள், மாப்பிள்ளை மாப்பிள்ளையாகவே இருப்பார். ஒரே வீட்டில், ஒரே பாயில் கலந்து கிடந்தாலும் வேண்டும்போது பிரித்து எடுத்துக்கொள்ளலாம். சூடு காட்டினால்தான் சேர்மம். அதற்குப் பிறகு அந்த இரண்டு பேரும் இருக்க மாட்டார்கள். மூன்றாவதாக ஒருவர் இருப்பார்.

நாங்கள் இரும்பு வீட்டார். எங்கள் வீட்டுப் பெண்களைப் பிரித்து எடுப்பது சுலபம், ஒரு காந்தம் போதும். பெண்ணைக் கட்டிக்கொடுத்த முதல் ஆடியில் அவளுடைய அண்ணனோ தம்பியோ வீட்டுக் காந்தத்தை மஞ்சள் துணியில் சுற்றிக்கொண்டு சம்பந்தி வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டும். துணியை விலக்கினால் பெண் உள்ளேயிருந்து தானாக வந்துவிடுவாள். ஒரு மாதம் நம் வீட்டில் வைத்திருந்து திருப்பி அனுப்ப வேண்டும். செம்பு வீட்டாருக்கும் வெள்ளி வீட்டாருக்கும் இந்த வசதி கிடையாது. அவர்கள் வாசலில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட வேண்டியதுதான். கூப்பிட்டு வந்த பெண்ணும் உண்டு, வராத பெண்ணும் உண்டு.

என் தங்கை பேர் இந்திராணி. கறுப்பாக, கெட்டியாக இருப்பாள். முதுகில் தட்டினால் கணீரென்று கேட்கும். மழைக்காலத்தில் அம்மா அவளுக்குத் தலை முதல் கால் வரை தேங்காய் எண்ணெய் தடவிவிடுவாள், இல்லாவிட்டால் முழங்கையில் துரு ஏறிவிடும். சின்ன வயதில் அப்பா பரணிலிருந்து காந்தத்தை இறக்கினாலே போதும், தூங்கிக்கொண்டிருக்கும் இந்திராணி பாயோடு நகர்ந்து வந்துவிடுவாள். பெரியவளாகி லேத் பட்டறைக்கு வேலைக்குப் போனாள். பட்டறைக்காரரிடமே வாய் கொடுத்து ஜெயித்துவிட்டு வருவாள். அவள் வீட்டில் இருந்தால் தெருமுனை வரைக்கும் சத்தம் கேட்கும். எனக்கு அந்தச் சத்தம் பிடிக்கும் என்று அவளிடம் சொன்னதில்லை, கொஞ்சம் வாயை மூடேன் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

அப்பா ஓர் ஐப்பசியில் துருவாகப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வீட்டில் அம்மா, நான், இந்திராணி, என் மனைவி பூரணி.

பூரணி துத்தநாக வீட்டுப் பெண். நீலம் கலந்த வெள்ளை நிறம். உலோகத்துக்கு உலோகம் கொடுத்தால் எவ்வளவு சூடு காட்டினாலும் சேர்மம் ஆகாது. நாள் போகப் போக ஒருவருக்கொருவர் கொஞ்சம் பழகிப்போவார்கள், அவ்வளவுதான். அதனால் எங்கள் ஊரில் இதை ஒட்டாத கல்யாணம் என்று மட்டமாகப் பேசுவார்கள். பூரணி என்னைக் கட்டிக்கொண்டு வந்த பிறகு எனக்குத் துரு பிடித்ததே இல்லை. அது துத்தநாக வீட்டுப் பெண்களின் சுபாவம். மழை பெய்தால் பேசாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள், என் மேல் வரவேண்டிய அரிப்பு முழுவதும் அவள் மேல் போய்விடும். கார்த்திகை முடியும்போது அவள் தோளெல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும். அது வலிக்குமா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

இந்திராணிக்கு ஒட்டுகிற கல்யாணமாகச் செய்ய வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். ஏகாம்பரத்தைக் கூப்பிட்டோம். ஏகாம்பரம் மந்த வாயு வீட்டைச் சேர்ந்தவர். அவர்கள் யாரையும் கட்டிக்கொள்வதில்லை, யாரோடும் சண்டை போடுவதில்லை, எதைச் சொன்னாலும் அவர்கள் மேல் ஒட்டாது. அதனால் எங்கள் ஊரில் பொருத்தம் பார்ப்பதும் அவர்கள்தான், வழக்கு வந்தால் தீர்ப்பு சொல்வதும் அவர்கள்தான். எதற்கும் அசையாத ஆளிடம்தான் நியாயம் இருக்கும் என்று ஊர் நினைக்கிறது. அப்படி நினைத்த முதல் ஆள் யார் என்று தெரிந்தால் நாலு வார்த்தை கேட்கலாம்.

ஏகாம்பரம் கந்தக வீட்டு வரன் ஒன்றைக் கொண்டுவந்தார். பையன் பேர் தெய்வநாயகம். மஞ்சளாக, மெலிந்து, ஓரங்களில் உதிர்ந்துகொண்டே இருக்கிற மனிதர். அவர் உட்கார்ந்து எழுந்த நாற்காலியில் கொஞ்சம் மஞ்சள் பொடி கிடக்கும், அதைத் தானே கையால் துடைத்துவிட்டுத்தான் போவார். சாது. இணைதிறன் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. ஏழுக்கு நாலு என்று எடையும் பொருந்தி வந்தது.

"இப்படி ஒரு பொருத்தம் அமையாதும்மா. ஒரு துளிகூட மிச்சம் இருக்காது" என்றார் ஏகாம்பரம்.

அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். நானும் தலையை ஆட்டினேன். கொஞ்சம் பொருத்தம் குறைவாக இருந்திருந்தால் அவளில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். இது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

கல்யாண மண்டபத்தில் வழக்கம்போல இருவரையும் தராசின் ஒரே தட்டில் உட்காரவைத்து நிறுத்தார்கள். எடையை ஏகாம்பரம் மைக்கில் அறிவித்தார், எல்லோரும் கை தட்டினார்கள். அடுப்பு பெண் வீட்டுச் சீர். எங்கள் ஊரில் கட்டில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம், அடுப்பை மட்டும் பெண் வீட்டார்தான் கொடுக்க வேண்டும். கடைக்குப் போய் நானே ஒவ்வொன்றாகப் பற்றவைத்துப் பார்த்து, சுடர் நன்றாக நீலமாக எரிகிற ஓர் அடுப்பை எடுத்துவந்தேன். இந்திராணியின் மாமியார் சௌந்தரவல்லி அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, தம்பிக்கு நல்ல கை என்றார்.

ஆனி பிறந்ததும் இந்திராணி போன் செய்தாள். அவள் குரல் எப்போதும் இல்லாத அளவுக்குத் தணிந்திருந்தது.

"அண்ணே, நீ எப்ப வர்றே?"

"ஆடி ஒண்ணாம் தேதிக்கு."

"அதுக்கு முந்தி வர முடியாதா?"

"முந்தி வந்தா வழக்கம் இல்லையே. என்ன விஷயம்?"

"இங்க எப்பப் பாரு அடுப்பைப் பத்தியே பேசிட்டிருக்காங்க. அத்தை ஒரு மூடி வாங்கி வெச்சிருக்காங்க. பெரிய மூடி." "அவர் நல்லவர்தாண்ணே. அவரும் பயந்துபோய்த்தான் இருக்கார். ஆனா அவங்கம்மா சொன்னா மாட்டேன்னு சொல்ல மாட்டார்."

நான் அம்மாவிடம் சொன்னேன். ஆடிக்கு முன்னால் காந்தத்தைக் கொண்டுபோனால் பெண்ணைப் பிடுங்கிக்கொண்டு போக வந்தான் என்று ஊர் பேசும் என்றாள் அம்மா. புதுசாகக் கல்யாணமான பெண்கள் எல்லோரும் அடுப்பைப் பார்த்துப் பயப்படத்தான் செய்வார்கள், தானும் பயந்தவள்தான், கடைசியில் யாரும் மூட்டவில்லை என்றாள். பூரணி மட்டும் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "போயிட்டு வந்துருங்களேன். ஊர் என்ன பேசினா என்ன?" என்றாள். ஒட்டாத கல்யாணம் செய்துகொண்டவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று அம்மா சொன்னாள். பூரணி உள்ளே போய்விட்டாள். நான் ஆடிக்காகக் காத்திருந்தேன்.

ஆடி முதல் தேதி காலையில் காந்தத்தை எடுத்துக்கொண்டு போனேன். சௌந்தரவல்லி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அவரும் மஞ்சள்தான், நடந்துபோன வழியெல்லாம் பொடி உதிரும்.

"வாங்க தம்பி. காப்பி குடிக்கிறீங்களா?"

"முதல்ல காட்டிடறேன் அத்தை" என்று சொல்லி மஞ்சள் துணியை விலக்கினேன்.

உள்ளேயிருந்து ஓர் ஊக்கு வந்தது. பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் வந்தது. ஜன்னல் கதவின் கொக்கி ஒன்று கழன்று தரையில் உரசிக்கொண்டு வந்து சேர்ந்தது. எல்லாம் எங்களுக்குத் தூரத்துச் சொந்தம்தான். அவற்றை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு மறுபடி காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

"இந்திராணி எங்க அத்தை?"

"உள்ள இருக்காங்க. போய்ப் பாருங்க" என்றார் சௌந்தரவல்லி. கோலத்தை அவர் பாதியில் நிறுத்தவில்லை.

உள் அறையில் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். கருஞ்சாம்பல் நிறம். இந்திராணியின் பளபளப்பு இல்லை, தெய்வநாயகத்தின் மஞ்சள் இல்லை. உடம்பில் தெய்வநாயகத்தின் சட்டையும் இந்திராணியின் புடவையும் இருந்தன. உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு துளிப் பொடி உதிர்ந்திருக்கவில்லை. முகம் யாருடைய சாயலிலும் இல்லை, ஆனால் மரியாதையான முகம்.

"வாங்க" என்றார்.

அதோடு நிறுத்திக்கொண்டார். வாங்கண்ணே என்று சொல்லவில்லை. வாங்க மச்சான் என்றும் சொல்லவில்லை. எந்த முறை வைத்துக் கூப்பிடுவது என்ற குழப்பம்கூட அந்த முகத்தில் இல்லை. இருபத்தைந்து வருஷமாக நான் இந்திராணியின் குரலுக்கு அண்ணனாக இருந்தேன். அந்த அறையில் நான் யாருக்கும் எதுவுமாக இல்லாமல் போனேன். காந்தத்தை அவர் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோனேன். ஒட்டவில்லை, இழுக்கவில்லை.

"இது என்னதுங்க?" என்று கேட்டார்.

"காந்தம்."

"நல்லாருக்கு" என்றார்.

முதுகில் தட்டிப் பார்த்தேன். சத்தமே வரவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழுதால் கன்னத்தில் துரு ஏறும் என்று அடக்கிக்கொண்டேன்.

வெளியே வந்தபோது சௌந்தரவல்லி காப்பி கலந்து வைத்திருந்தார். நான் கேட்காமலே சொன்னார்.

"அவ எந்நேரமும் ஆடி ஆடின்னே சொல்லிட்டிருந்தா தம்பி. போனா திரும்பி வருவாளோ, மாட்டாளோ. என் பையன் அவளை விட்டு இருக்க மாட்டான். ரெண்டு பேரையும் உட்காரவெச்சு மூடி போட்டுக் கொஞ்சம் சூடு காட்டினேன். கொஞ்ச நேரம்தான். ஓரத்துல செவக்க ஆரம்பிச்சதும் நான் அடுப்பை அணைச்சுட்டேன். சத்தியமா அணைச்சுட்டேன். அதுக்கப்புறம் அதுவே தானாச் செவந்துக்கிட்டே போச்சு. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?"

"அவ ஏதாவது சொன்னாளா?"

"மூடி போட்டிருந்துச்சே தம்பி." காப்பி டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். "என் பையனும்தான் போனான். அதை யாரும் கேக்க மாட்டேங்கிறீங்க."

சுவரில் தெய்வநாயகம் சாய்ந்து பேப்பர் படிக்கும் இடத்தில் மஞ்சளாக ஒரு தலை அளவுக்குக் கறை இருந்தது. சௌந்தரவல்லி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அது எனக்கே பிடிக்கவில்லை. காப்பியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன்.

வழக்கு ஏகாம்பரத்திடம் போனது. கல்யாண மண்டபத்துத் தராசையே கொண்டுவரச் சொன்னார். அந்தச் சாம்பல் நிற மனிதரைத் தட்டில் உட்காரவைத்து நிறுத்தார். கல்யாணத்தன்று மைக்கில் சொன்ன அதே எடை. முள் ஒரு மயிரிழை அசையவில்லை.

"எடை குறையல. ஓர் அணுகூட அழியல. எதுவும் போகாதபோது எதைப் போச்சுன்னு கேக்குறீங்க?" என்றார் ஏகாம்பரம்.

"என் தங்கச்சி போயிட்டா."

"உங்க தங்கச்சியோட இரும்பு அத்தனையும் இதுக்குள்ளதான் இருக்கு. நிறுத்துப் பாத்துட்டோம்ல?"

"காந்தத்துக்கு வரலையே."

"காந்தத்துக்கு வர்றது குணம். குணம் மாறத்தான் செய்யும். ஊர் வழக்கத்துல எடைக்குத்தான் சட்டம் இருக்கு, குணத்துக்கு இல்லை." அவர் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அடுப்பு யார் வீட்டுது?"

"எங்க வீட்டுச் சீர்."

"சரி" என்றார்.

அந்தச் சரியில் எல்லாம் முடிந்தது. ஆனால் அம்மா எழுந்து, எனக்கு என் பெண் வேண்டும், நாங்கள் கேட்பது தண்டனை இல்லை, பெண்ணைத்தான் என்று சொன்னாள். ஏகாம்பரம் கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் யோசிக்கும்போதும் ஒன்றும் மாறாது, கண் மட்டும் மூடியிருக்கும்.

"சேர்மத்துலேருந்து ஒருத்தரைச் சும்மா எடுக்க முடியாது. இன்னொரு சேர்மத்துல குடுத்துத்தான் எடுக்கணும். அமிலத்துல இறக்கினா கந்தகம் தனியாப் போயிரும், இரும்பு அமிலத்தோட இருக்கும். அப்புறம் அமிலத்துலேருந்து இரும்பை எடுக்கறதுக்கு வேற வழி இருக்கு. அதை அப்பப் பாத்துக்கலாம்."

"என் பையன் வெளிய வந்துருவானா?" என்று சௌந்தரவல்லி கேட்டார்.

"வருவான்" என்றார் ஏகாம்பரம். எந்த உருவத்தில் என்று அவர் சொல்லவில்லை, சௌந்தரவல்லியும் கேட்கவில்லை. உடனே சம்மதித்துவிட்டார்.

எங்கள் தெருவுக்குப் பின்னால் அமிலக்காரர் ஒருவர் இருந்தார். ஊரில் தரைக் கறை எடுக்கிற வேலை பார்ப்பவர். அவரும் ஒரு பழைய தம்பதிதான். ஒரு ஹைட்ரஜன் வீட்டுப் பெண்ணும் ஒரு குளோரின் வீட்டுப் பையனும் அந்தக் காலத்தில் ஆசைப்பட்டு ஒன்றானவர்கள். ஒன்றான பிறகு ஒருவரையொருவர் சகிக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு துணை கிடைக்காமல் பிரியவும் முடியாது. அந்தக் கோபத்தில் தொட்டதையெல்லாம் அரித்துக்கொண்டு ஒரே உடம்பில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நான் போய்க் கேட்டதும் அவர் கையிலிருந்த பிரஷைக் கீழே போட்டுவிட்டார்.

"ரெண்டு பேரு வர்றாங்களா? ஆளுக்கு ஒண்ணா?" என்று கேட்டார்.

"ஆமாங்க."

"எத்தனை வருஷமாக் காத்துட்டிருக்கோம் தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அப்போதே என்னோடு கிளம்பிவிட்டார்.

எங்கள் கொல்லையில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி இருந்தது. அதில்தான் நடந்தது. முதலில் அமிலக்காரர் இறங்கி நிறைந்துகொண்டார். அந்தச் சாம்பல் நிற மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டு, யாருக்கோ ஓர் உதவி செய்வதுபோல, மரியாதையாக உள்ளே இறங்கினார். குமிழ் குமிழாகப் பொங்கியது. உடனே அழுகின முட்டை நாற்றம் எழுந்தது. தெய்வநாயகம் வெளியே வந்துவிட்டார், அமிலத்தின் ஹைட்ரஜன் பாதியையும் கூட்டிக்கொண்டு. இருவரும் மதிலைத் தாண்டித் தெருவுக்குள் போனார்கள். கதவு ஜன்னல்களை எல்லோரும் சாத்திக்கொண்டார்கள். சௌந்தரவல்லி மட்டும் ஓர் எவர்சில்வர் தூக்கைத் திறந்து பிடித்துக்கொண்டு, தெய்வநாயகம், தெய்வநாயகம் என்று கூப்பிட்டபடி தெருவில் அந்த நாற்றத்தின் பின்னால் ஓடினார். தூக்கில் எவ்வளவு பிடித்தார் என்று தெரியாது. சாயங்காலம் மூடியை அழுத்திப் பிடித்தபடி எங்கள் வாசலைக் கடந்து வீட்டுக்குப் போனார். எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை.

தொட்டியில் இளம்பச்சையாகத் தண்ணீர் நின்றது. அதில் இந்திராணி இருந்தாள், குளோரினும் இருந்தது. அம்மா தொட்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பேர் சொல்லிக் கூப்பிட்டாள். நான் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். தண்ணீர் அலையடிக்கக்கூட இல்லை.

மறுநாள் ஏகாம்பரம் வந்து எட்டிப் பார்த்தார்.

"இப்ப இதுல ஒரு துத்தநாகம் இறங்கணும். துத்தநாகம் இறங்கினா இரும்பு தானா வெளிய வந்துரும். எடம் மாறிக்குவாங்க, அவ்வளவுதான். எடையில ஒண்ணும் குறையாது" என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு இதில் வேலை முடிந்தது.

அம்மா அடுப்படிப் பக்கம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"நீ என்னடா சொல்றே?"

என்னைத்தான் கேட்டாள். நான் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாயோடு நகர்ந்து வருகிற ஒரு பெண்ணை நினைத்தேன், போனில் தணிந்த குரலை நினைத்தேன். பூரணியைப் பற்றியும் நினைத்திருக்க வேண்டும். நினைத்தேனா என்று கேட்டால், பூரணி எப்போதும் இருப்பவள், இருப்பவளை யார் நினைக்கிறார்கள்?

"இந்திராணி வந்தாகணும்" என்றேன்.

பூரணி அடுப்படியிலிருந்து முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சுவர் மெல்லிசு, அவளுக்கு எல்லாம் கேட்டிருக்கும்.

"இப்பவேவா, சாப்பிட்டுட்டா?" என்று கேட்டாள்.

"சாப்பிட்டுட்டே போ" என்றாள் அம்மா, மிகவும் அன்பாக.

பூரணி சாப்பிட்டாள். தட்டைக் கழுவி வைத்தாள். தொட்டிக்குள் ஒரு காலை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். ஏதாவது சொல்வாள், திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

"மாடியில துணி காயுது. மழை வந்தா எடுத்துருங்க. நனையாம எடுங்க, தோள்ல துரு ஏறிரும்" என்றாள்.

உட்கார்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் மேல் கறுப்பாகப் படிய ஆரம்பித்தது. தண்ணீரின் பச்சை வெளுத்துக்கொண்டே வந்தது. தோளில் ஒரு பிடி, மடியில் ஒரு பிடி என்று இந்திராணி சேர்ந்துகொண்டே வர, அடியில் பூரணி கரைந்துகொண்டே போனாள். வெள்ளை பூத்திருந்த அந்தத் தோள் முதலில் போனது. முகம் கடைசி வரைக்கும் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொள்ளவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை, மாடிக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தண்ணீர் தெளிவாகிவிட்டது. அதில் ஒன்றுமே இல்லாததுபோல இருந்தது.

காந்தத்தைக் காட்டினேன். இந்திராணி தூளும் கட்டியுமாக வந்து ஒட்டினாள். அம்மா அவளைத் துடைத்து, எண்ணெய் தடவி, பிசைந்து உட்காரவைத்தாள். சாயங்காலத்துக்குள் தட்டினால் சத்தம் வருகிற அளவுக்குக் கெட்டியாகிவிட்டாள். அம்மா பாயசம் வைத்தாள்.

"அண்ணி எங்க?" என்றாள் இந்திராணி. அதுதான் முதல் பேச்சு.

அம்மா பாயசத்தை அவள் பக்கம் நகர்த்தினாள். அவள் எழுந்து கொல்லைக்குப் போய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வந்தாள். பாயசத்தைத் தொடவில்லை.

"உன்னை யாரு கேட்டா?" என்றாள் என்னிடம்.

"உன்னை அப்படியே விட்டுரச் சொல்றியா?"

"அங்க எனக்கு ஒரு கஷ்டமும் இல்லண்ணே. கஷ்டப்பட அங்க நானே இல்ல. நான் கூப்பிட்டது ஆனி மாசம். அப்ப வரல. எல்லாம் முடிஞ்சப்புறம், இல்லாத எனக்காக இருந்த ஒருத்தியக் கரைச்சுட்டு நிக்கிறே." அவள் குரல் பழைய குரல்தான், தெருமுனை வரைக்கும் கேட்டிருக்கும். "அவ ஒருத்திதான் அப்ப போயிட்டு வாங்கன்னு சொல்லியிருப்பா. சொன்னாளா இல்லையா?"

சொன்னாள் என்றேன். இந்திராணி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. அன்று ராத்திரி மழை பெய்தது. துணியை எடுக்க நான் மாடிக்கு ஓடினேன், நனைந்துவிட்டேன். விடிந்து பார்த்தபோது இரண்டு தோளிலும் செம்பழுப்பாக ஏறியிருந்தது. கல்யாணமான பிறகு முதல் துரு. சுரண்டினால் வலிக்கிறது. அது வலிக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆடிப்பெருக்கன்று காலை பூரணியின் அண்ணன் சிங்காரவேலு வந்தார். துத்தநாக வீட்டாருக்குக் காந்தம் கிடையாது. அவர் வாசலில் நின்று, பூரணி, பூரணி என்று கூப்பிட்டார். நான் வெளியே போனேன்.

"வாங்க மச்சான். காப்பி குடிக்கிறீங்களா?"

"தங்கச்சியப் பாக்கணும் மாப்ள."

கொல்லைக்கு அழைத்துப் போய்க் காட்டினேன். அவர் தொட்டியில் குனிந்து பார்த்தார். தண்ணீரில் அவர் முகம் தெரிந்தது.

"எடை குறையல மச்சான். வேணும்னா நிறுத்துப் பாத்துக்கலாம்" என்றேன்.

"தெரியும். ஏகாம்பரத்தப் பாத்துட்டுத்தான் வர்றேன்" என்றார் சிங்காரவேலு. அவர் கோபப்படவில்லை. என் தோளில் இருந்த துருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி, "வாம்மா" என்று குரல் கொடுத்தார்.

அவர் மனைவி உள்ளே வந்தார். மக்னீசிய வீட்டுப் பெண், பளிச்சென்று இருந்தார். இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. இந்திராணி வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் குழந்தையைக் கொடுத்து, "இப்பத்தான் பால் குடிச்சான். தோள்ல போட்டுத் தட்டுங்க, தூங்கிருவான்" என்றார். செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தார். வளையல்களையும் கழற்றி ஜன்னல் திட்டில் வைத்தார்.

"எந்தத் தொட்டிண்ணே?" என்று என்னைக் கேட்டார்.

இதுதான் என்று காட்டினேன்.